நமணசமுத்திரத்தில் மாற்றிய பெட்ரோல் பைப்

தம்பிகளா, போன வாரம் உங்களில் ஒருவர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். யாரோ ஒரு பணக்காரர் யுத்தத்துக்கு முந்தைய கார் ஒன்றை வாங்கி அழகு பார்க்க நிறுத்தியிருக்கிறாராம். பம்ப்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோல் பைப் விரிசல் விட்டிருக்கிறது, புதிது போடுவது எப்படி என்று கேட்டார். கார்புரேட்டரைப் படத்தில் மட்டுமே பார்த்த பிள்ளை. பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற பாகம் என்று அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. செப்புக் குழாயை எங்கே வளைக்க வேண்டும், முனையை எப்படிப் பற்ற வைத்து ஒட்ட வேண்டும் என்றெல்லாம் படம் போட்டுக் காட்டி அனுப்பி வைத்தேன்.

அவர் போன பிறகு எனக்கு மனசு சரியில்லை. அந்த வேலையை நான் எத்தனையோ வண்டிகளில் செய்திருக்கிறேன். ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் மறந்து போய்விட்டது. அந்த ஒன்றை உங்களுக்குச் சொல்லி வைக்கிறேன். வேலையைக் கற்றுக்கொடுக்க அல்ல. அதற்கு உங்களிடம் கம்ப்யூட்டர் இருக்கிறது. வண்டிக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் அழும்போது என்ன செய்வது என்று அது சொல்லாது.

சமஸ்தானம் போய்ப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். புதுக்கோட்டை அப்போது திருச்சி ஜில்லாவோடு சேர்ந்திருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பட்டறையில் நான் வேலை பார்த்தேன். எனக்கு அப்போது கொஞ்சம் தலைக்கனம் உண்டு. எஞ்சினைச் சரிசெய்து முடித்ததும் பானெட் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து வண்டிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், தண்ணீர் அசையாது. திருமயம் பக்கத்துப் பெரிய வீடுகளின் கார்களெல்லாம் என்னிடம் வந்ததற்கு அந்த டம்ளர்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது அக்கினி நட்சத்திர வெயில். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் காளிமுத்து வந்து நின்றான். திருமயத்துக்கு அருகில் ஒரு பெரிய வீட்டு டிரைவர் அவன். சட்டையெல்லாம் பெட்ரோல் நாற்றம்.

“அண்ணே, எங்க ஐயாவைத் திருச்சி ஆசுபத்திரியில இருந்து கூட்டியாரோம். டாக்டர் கைய விரிச்சிட்டாரு. நமணசமுத்திரம் தாண்டி வண்டி நின்னுபோச்சு. கார்புரேட்டருக்குப் போற பைப்பு வெடிச்சு பெட்ரோல் பீச்சி அடிக்குதுண்ணே” என்றான்.

“ஐயாவுக்கு எப்படி இருக்கு?”

“மூச்சு இருக்கு. மூச்சோட வீட்டுல கொண்டுபோய்ச் சேத்துறணும்ணே.”

அவன் சொன்னதன் கனம் உங்களுக்கு உடனே புரியாமல் போகலாம். அந்த ஊர் வழக்கப்படி, வெளியே உயிர் போனால் உடலை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். வாசலுக்கு வெளியே கீற்றுப் பந்தல் போட்டு, அதன் கீழ் கிடத்தி, அங்கிருந்தே எடுத்துப் போய்விடுவார்கள். அவர் கட்டிய வீடாகவே இருந்தாலும் அப்படித்தான். அந்த ஐயா பர்மாவில் கடை வைத்திருந்தவர். யுத்தத்தில் குண்டு விழுந்தபோது காட்டு வழியாக நடந்தே வந்தவர். கூட நடந்தவர்கள் ஒவ்வொருவராக வழியில் விழுந்தபோதெல்லாம், “நான் என் வீட்டுக்குள்ள போய்த்தான் படுப்பேன்” என்று சொல்லிக்கொண்டே நடந்தாராம். வந்து சேர்ந்தும்விட்டார். அந்த நடையைப் பற்றி எங்கள் பட்டறையில் உட்கார்ந்து அவரே சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் கிடையாது. மனைவியும் கூடப் பிறந்த தம்பியும்தான்.

முதலில் டாக்சி ஸ்டாண்டுக்கு ஓடினோம். போய்க்கொண்டிருக்கும்போது உயிர் பிரிந்தால் வண்டிக்கு ஆகாது என்று ஒருவரும் வரவில்லை. அவர்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அவர்களுக்கும் அந்த வண்டிதான் சோறு. செப்புக் குழாய், அதைக் காய்ச்சுகிற புளோ லாம்ப், ஸ்பேனர் எல்லாவற்றையும் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு காளிமுத்துவோடு பஸ் ஏறினேன்.

நமணசமுத்திரம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் கார் நின்றது. நாலு கதவும் திறந்து கிடந்தன. பின் சீட்டில் ஐயாவைக் கிடத்தி, தலையை மடியில் வைத்துக்கொண்டு அவர் மனைவி, ஆச்சி, உட்கார்ந்திருந்தார்கள். ஒரு துணியைச் சொம்புத் தண்ணீரில் நனைத்து நனைத்து அவர் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தார்கள். நெஞ்சு வரை போர்த்தியிருந்த துண்டு மெல்ல ஏறி இறங்கியது. வெளியே அவருடைய தம்பி ரோட்டுக்கு நடுவில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் வந்த பஸ்காரரிடம் கெஞ்சினார். கண்டக்டர் காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, பஸ்ஸைக் கிளப்பச் சொல்லி விசில் அடித்தார்.

பானெட்டைத் தூக்கினேன். யாரோ முன்பு ஒரு தடவை பைப்பை மாற்றியிருக்கிறார்கள். அவசரத்தில் நேராகப் போட்டுவிட்டார்கள். நடுவில் ஒரு சுற்று இல்லாத குழாய் எஞ்சினின் அதிர்வைத் தாங்காது. கார்புரேட்டர் முனையில் கழுத்தறுந்து தொங்கியது. கீழே இருந்த சைலன்சர் பைப்பைத் தொட்டால் கை வெந்துவிடும். அந்தச் சூட்டின் மேல் பெட்ரோல் கொட்டியும் தீப்பிடிக்காமல் அங்கே வந்து நின்றதே பெரிது.

“எவ்வளவு நேரமாகும்?” என்றார் ஐயாவின் தம்பி.

“ஒரு மணி நேரம் பிடிக்கும் ஐயா. குழாயைக் காய்ச்சி வளைச்சு, முனையைப் பத்த வைக்கணும்.”

“ஒரு மணி நேரமா? அதெல்லாம் வேணாம்ப்பா. டின்னுல பெட்ரோல ஊத்தி, ரப்பர் டியூப்பை நேரா கார்புரேட்டர்ல சொருகு. நான் மட்கார்டுல ஒக்காந்து டின்னைத் தூக்கிப் பிடிச்சுக்கிறேன். எத்தனை பேரு இப்படி ஓட்டிக்கிட்டுப் போறாக!”

அவர் சொன்னது நடக்காத காரியம் அல்ல. அந்தக் காலத்தில் பாதி வண்டிகள் அப்படித்தான் வீடு வந்து சேர்ந்தன. ரப்பர் டியூப் என் பையில் இருந்தது. அதை அவர் பார்த்தும்விட்டார்.

இங்கேதான் கறம்பக்குடி கிளீனரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின வருஷம் கறம்பக்குடி ரோட்டில் ஒரு கடலை வியாபாரியின் வேனில் இதே மாதிரி டின்னைப் பிடித்துக்கொண்டு வந்தவர் அவர். பள்ளத்தில் வண்டி குலுங்கி, டியூப் கழன்று, பெட்ரோல் சூட்டில் கொட்டித் தீப்பிடித்தது. டின்னை எறியாமல் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாராம். எறிந்தால் முதலாளி வண்டி எரிந்துவிடும் என்று நினைத்தாராம். ஆசுபத்திரியிலிருந்து வந்த பிறகு வேலை கேட்டு எங்கள் பட்டறைக்கு வந்தார். விரல்களெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஸ்பேனர் ஒன்றை எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். அவரால் பிடிக்க முடியவில்லை. “சும்மா கூட்டிப் பெருக்குறேண்ணே” என்றார். விளக்குமாறும் கையில் நிற்கவில்லை.

அந்த முகம் எனக்கு முன்னால் வந்து நின்றது. பின் சீட்டில் கிடப்பவரால் தீ என்றால் எழுந்து ஓட முடியாது. அவரை மடியில் வைத்திருப்பவர் விட்டுவிட்டு ஓடமாட்டார்.

“டின்னு வேணாம் ஐயா” என்றேன்.

“எங்க அண்ணன் உசுருய்யா போய்க்கிட்டிருக்கு!” என்று கத்தினார். அதுவரை அவர் ஒருவரிடம் சத்தமாகப் பேசி நான் பார்த்ததில்லை. என் சட்டையைப் பிடித்துவிட்டார். காளிமுத்து வந்து விலக்கினான்.

நான் ஆச்சியிடம் போய் நின்றேன். “டின்னைக் கட்டினா உடனே கிளம்பலாம் ஆச்சி. தீப்பிடிச்சா உள்ள இருக்கவுகளைக் காப்பாத்த முடியாது. பைப்பு போட்டா நேரமாகும், பயமில்லாம போகலாம். எனக்கு டின்னைக் கட்ட மனசு வரலை” என்று உள்ளதைச் சொன்னேன்.

ஆச்சி என்னைப் பார்க்கவில்லை. துணியை நனைத்துக்கொண்டே, “நீங்க வேலை தெரிஞ்சவுக. ஒங்களுக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்யுங்க தம்பி. சுருக்கா செய்யுங்க” என்றார்கள்.

அந்தச் ‘சுருக்கா’ என் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது. தம்பிகளா, இப்படி ஒரு நேரத்தில் கையை வேகப்படுத்தாதீர்கள். வேகப்படுத்துகிற கை முதலில் மறப்பது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை. பெட்ரோல் கொட்டிய வண்டிக்குப் பக்கத்தில் புளோ லாம்பைப் பற்ற வைத்துவிட்டால் டின்னை வேண்டாம் என்றதற்கு அர்த்தமே இல்லை. ரோட்டைக் கடந்து, எதிர்ப்பக்கப் பொட்டலில் கல்லை அடுக்கி உட்கார்ந்தேன். ஐயாவின் தம்பி அங்கும் வந்து என் தலைக்கு மேல் நின்றார். நான் குழாயை நடுவில் சுற்றி வளைத்தபோது, “இப்ப எதுக்குய்யா சுத்து? நேராப் போடு!” என்றார். “நேராப் போட்டதாலதான் ஐயா இங்க நிக்கிறீங்க” என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் தரையில் குந்தி, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

பைப்பை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். கார்புரேட்டர் முனையை முடுக்கும்போது கண்ணாடி வழியாகப் பின் சீட்டு தெரிந்தது. ஆச்சி அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். துணி மட்டும் கையில் இல்லை. கதவின் விளிம்பில் கிடந்தது. அந்த வெயிலில் மொடமொடவென்று காய்ந்திருந்தது. சொம்பில் தண்ணீர் அப்படியே இருந்தது.

ஸ்பேனர் என் கையில் நின்றுவிட்டது. ஆச்சி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்கள். அவர்கள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

“வேலை முடிஞ்சிருச்சா தம்பி?”

“முடிஞ்சது ஆச்சி.”

“அப்ப எடுக்கச் சொல்லுங்க. அவுகளுக்கு மூச்சு இருக்கு.”

ஐயாவின் தம்பி அதைக் கேட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். காளிமுத்து பின்னால் திரும்பிப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்தான். ஐயா போய்விட்டது அவனுக்குத் தெரிந்ததா என்று நான் கடைசிவரை கேட்கவில்லை. நானும் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். பைப் ஒழுகினால் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். உண்மையில் என்னால் அங்கே இறங்கி நிற்க முடியவில்லை.

வண்டி அவ்வளவு நன்றாக ஓடியது. ஒரு விக்கல் இல்லை, ஒரு இருமல் இல்லை. திருமயம் கோட்டையைத் தாண்டி மண் ரோட்டில் இறங்கிய பிறகும் எஞ்சின் சீராக இருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஐயாவின் தம்பி பின்னால் கையை நீட்டி அண்ணனின் காலைப் பிடிக்கப் பார்த்தார். “தொடாதீக, அசங்கினா தாங்க மாட்டாக” என்றார்கள் ஆச்சி. அவர் கையை எடுத்துக்கொண்டார்.

வீட்டு வாசலில் ஊரே நின்றது. ஒரு பக்கத்தில் கீற்றும் மூங்கிலும் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். எதற்கும் தயாராக இருந்தார்கள். பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருவர் கம்பை ஊன்றிக்கொண்டு காருக்கு எதிரே வந்தார். அவர் பார்த்துச் சொல்வதுதான் முடிவு. உள்ளே எடுத்துப் போவதா, வெளியே கிடத்துவதா என்பது அவர் வாயில் இருந்தது.

“காளிமுத்து, எஞ்சினை அணைச்சிராத” என்றார்கள் ஆச்சி, பின்னாலிருந்து.

அவர்கள் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பது எனக்கு ஒரு நொடியில் விளங்கியது. வழியில் அந்தத் துண்டு வண்டியின் குலுக்கலில் நெஞ்சின் மேல் அசைந்துகொண்டே வந்தது. நின்ற வண்டியிலும் எஞ்சின் ஓடினால் அசையும் என்று நினைத்துவிட்டார்கள். ஆனால் வண்டி அசையவில்லை. எஞ்சின் நான் பெருமைப்படுகிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. டம்ளரை வைத்தால் தண்ணீர் அசைந்திருக்காது. துண்டு கல் மேல் போட்டதுபோலக் கிடந்தது.

யோசிக்க நேரமில்லை. சரியா தப்பா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன் என்று சொன்னால் அது பொய். இறங்கினேன். “ஒரு நிமிஷம், பைப்பு ஒழுகுதான்னு பாத்துக்கிறேன்” என்று பானெட்டைத் தூக்கினேன். ஸ்குரூ டிரைவரை எடுத்து, நின்ற வண்டியில் எஞ்சினைச் சீராக ஓட வைக்கிற கார்புரேட்டரின் ஐட்லிங் ஸ்குரூவைத் திருகினேன். எஞ்சின் மூச்சுத் திணறியது. இன்னும் கொஞ்சம் திருகினேன். நொண்ட ஆரம்பித்தது. வண்டி முழுக்கக் கிடுகிடுவென்று ஆடியது. மட்கார்டு தகரம் சத்தம் போட்டது. வேலை கற்ற நாளிலிருந்து எந்த ஆட்டத்தை நிறுத்தக் கற்றேனோ அதை என் கையாலேயே வரவழைத்தேன்.

பெரியவர் குனிந்து உள்ளே பார்த்தார். துண்டின் ஓரம் நெஞ்சின் மேல் துடித்துக்கொண்டிருந்தது. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்திருக்கலாம். வைக்கவில்லை. ஆச்சியின் முகத்தை ஒரு தடவை பார்த்தார், பானெட் பக்கம் நின்ற என்னை ஒரு தடவை பார்த்தார்.

“இருக்கு. உள்ள கொண்டாங்க. பைய, பைய” என்றார்.

நாலு பேர் தூக்கி உள்ளே போனார்கள். ஆச்சி இறங்கி, காய்ந்த துணியையும் சொம்பையும் எடுத்துக்கொண்டு பின்னால் போனார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒப்பாரி கிளம்பியது. கீற்றுக்காரர்கள் மூங்கிலைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் எஞ்சினை அணைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். ஸ்குரூவைத் திருப்பி வைக்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஆச்சி ஆள் அனுப்பினார்கள். கார் வீட்டுப் பின்கட்டுக் கொட்டகையில் நின்றது. நான் போனபோது ஆச்சி வெள்ளைச் சேலையில் பின் சீட்டில், அன்றைக்கு உட்கார்ந்திருந்த அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வேறு யாரும் இல்லை.

“அன்னிக்கு வண்டி தானா ஆடலைன்னு எனக்குத் தெரியும் தம்பி. அப்படியே கெடக்கு. சரி பண்ணிட்டுப் போங்க” என்றார்கள்.

நான் பானெட்டைத் தூக்கினேன். அத்தனை நாளும் மனதில் கிடந்து அரித்ததைக் கேட்டுவிட்டேன். “டின்னைக் கட்டியிருந்தா ஐயா உசுரோட வீட்டுக்கு வந்திருப்பாகளா ஆச்சி?”

நீங்கள் ‘விதி’ என்றோ ‘நேரம்’ என்றோ ஒரு பதிலை எதிர்பார்ப்பீர்கள். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். ஆச்சி அப்படிச் சொல்லி என்னை ஏமாற்றவில்லை.

“வந்திருப்பாக. நீங்க ரோட்டுக்கு அங்கிட்டு ஒக்காந்து வளைச்சுக்கிட்டு இருந்தப்பத்தான் போனாக. அதுக்குள்ள வீடு வந்திருக்கும். கடைசியா ‘வந்தாச்சா?’ன்னு கேட்டாக. வந்தாச்சுன்னு சொன்னேன்.”

நான் பானெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“ஆனா எங்க கொழுந்தனாரு கையைத் தெனமும் பாக்குறேன் தம்பி. ரெண்டு கையும் முழுசா இருக்கு. அந்தக் கைதான் அவுகளுக்குக் கொள்ளி வச்சுச்சு. பிள்ளை இல்லாதவுகளுக்கு வேற கை ஏது?” என்றார்கள். கறம்பக்குடி கிளீனர் கதையை நான் அவர்களிடம் சொன்னதே இல்லை.

எஞ்சினை ஸ்டார்ட் செய்தேன். அன்றைக்கு வாசலில் ஆடிய மாதிரியே கிடுகிடுவென்று ஆடியது. ஆச்சி அந்த ஆட்டத்தோடு சேர்ந்து ஆடிக்கொண்டு, மடியில் கையை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தார்கள். நான் ஸ்குரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். நொண்டல் குறைந்தது. தகரச் சத்தம் அடங்கியது. வண்டி அசைவற்று நின்றது.

ஆச்சி குனிந்து தன் மடியைப் பார்த்தார்கள். ரோட்டிலும் அழாதவர்கள், வாசலிலும் அழாதவர்கள், அப்போதுதான் வாய்விட்டு அழுதார்கள். அந்தச் சத்தம் வீட்டுக்குள் கேட்க வேண்டாம் என்று நான் எஞ்சினை நிறுத்தாமல் வெளியே வந்து நின்றேன்.